புனர்பூசத்தை எப்படிச் செய்வது?



அசுவினி, பரணி, கார்த்திகை, ரோகிணி, மிருகசீரிஷம், திருவாதிரை... ஜாதகக் கட்டுரை என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இந்த ஆறும் நம் நாட்டில் செய்து பறக்கவிட்ட கிளைடர்களின் பெயர்கள். டெல்லியில் சிவில் விமானத் துறையின் தொழில்நுட்ப மையம் இவற்றை ஒவ்வொன்றாக வடிவமைத்தது. 1958-இல் அசுவினி பறந்தது. கடைசியாக 1979-இல் பறந்தது ‘ஆர்த்ரா’, அதாவது நம்ம திருவாதிரை. இரண்டு பேர் உட்காரும் பயிற்சிக் கிளைடர், கான்பூரில் ஹெச்.ஏ.எல். தொழிற்சாலையில் செய்தது. (பறந்த வரிசை பஞ்சாங்க வரிசை இல்லை. பரணிக்கும் கார்த்திகைக்கும் முன்னாலேயே ரோகிணி 1961-இல் முந்திக்கொண்டது!) ஆறும் மரத்தால் ஆனவை.

திருவாதிரைக்கு அடுத்தது புனர்பூசம். அந்தப் பெயரில் கிளைடர் வரவில்லை. இன்றைக்கு யாராவது அதைச் செய்யப் புறப்பட்டால் மரத்தில் செய்யமாட்டார்கள், ஃபைபரில்தான் செய்வார்கள். ஃபைபர் என்று முடிவானதும் அடுத்த கேள்வி வந்து நிற்கும். எந்த முறையில்? கையால் துணி விரித்தா, வாக்குவத்தில் ரெசினை இழுத்தா, பிரஷர் குக்கர் மாதிரி பெரிய ஆட்டோகிளேவில் வைத்தா?

“பீங்கான் படிக்கிறவனுக்கு ஏரோப்ளேன் எதுக்குடா?” என்று என் ரூம்மேட் கேட்டான். படிக்கப் படிக்க எனக்குத் தெரிந்தது இதுதான்: அந்தக் கேள்வியில் முக்கால்வாசி மோல்டு சம்பந்தப்பட்டது, மீதிக் கால்வாசி சூடு சம்பந்தப்பட்டது. மோல்டும் சூடும் விருத்தாசலத்துக்காரனுக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்?

மரம் ஏன் போயிற்று?

கிளைடருக்கு இஞ்சின் கிடையாது. கயிற்றால் இழுத்தோ, இன்னொரு விமானம் இழுத்தோ மேலே விட்டதும் அது சறுக்கிக்கொண்டே கீழே வரும். சூடான காற்று மேலே எழும் இடம் கிடைத்தால் அதில் வட்டமடித்து மறுபடி ஏறும், பருந்து செய்கிற மாதிரி. ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் தூரம் சறுக்க முடியும் என்பதுதான் அதன் தரம். பழைய மரப் பயிற்சிக் கிளைடருக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர். நல்ல ஃபைபர் கிளைடருக்கு நாற்பதும் அதற்கு மேலும். நம் ஊர் மேலே ஒரு கிலோமீட்டர் உயரத்தில் விட்டால் முதலாவது நெய்வேலிப் பக்கம் இறங்கிவிடும், இரண்டாவது நெய்வேலியை நன்றாகத் தாண்டிப் போகும்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி மேல்பரப்பிலிருந்து. மர இறக்கையில் விலா எலும்பு மாதிரி ரிப்கள் இருக்கும், அதன் மேல் பிளைவுட்டும் துணியும். ரிப்புக்கும் ரிப்புக்கும் நடுவில் பரப்பு லேசாகக் குழியும். கண்ணுக்குத் தெரியாது, காற்றுக்குத் தெரியும். மோல்டில் எடுத்த இறக்கையில் அந்தக் குழிவு இல்லை. மோல்டு எப்படியோ சாமானும் அப்படி. நாம் கப்பில் பார்க்கிறதுதானே!

ஃபைபர் கிளைடர்களில் முதலாவது ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் மாணவர்களாக இருந்தவர்கள் தொடங்கிய வேலை. நேகலே, எப்ளர் ஆகியோரின் வடிவமைப்பு. பெயர் ‘ஃபீனிக்ஸ்’. 1957 நவம்பரில் பறந்தது. பால்சா மரத்தை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் கண்ணாடி நார்த் துணி ஒட்டிய சாண்ட்விச். நம் அசுவினி பறப்பதற்குப் பத்து மாதம் முன்னாலேயே அது பறந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். அசுவினி செய்தவர்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அன்றைக்கு உலகில் பெரும்பாலும் மரத்தில்தான் செய்தார்கள். கையில் இருந்த நல்ல பொருள் அது.

நார் எவ்வளவு, ரெசின் எவ்வளவு?

முறைகளுக்குப் போகும் முன் ஒரே ஒரு விஷயம். ஃபைபர் என்று நாம் சொல்வதில் இரண்டு பொருள் இருக்கிறது. நார் ஒன்று, அதைப் பிடித்து வைக்கும் ரெசின் ஒன்று. இழுவிசையைத் தாங்குவது நார். ரெசினின் வேலை, நாரை வளையாமல் நேராக நிறுத்துவதும் ஒரு நாரிலிருந்து அடுத்த நாருக்குச் சுமையைக் கடத்துவதும். அதற்குத் தேவையானதற்கு மேல் ஊற்றுகிற ரெசின் எல்லாம் வெறும் வெயிட். உள்ளே மாட்டிக்கொண்ட காற்றுக்குமிழி அதைவிட மோசம், விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும்.

ஆகையால் எந்த முறையைப் பார்த்தாலும் மூன்றைக் கேட்டால் போதும்: கொள்ளளவில் நார் எத்தனை சதவீதம் வரும்? காற்று எப்படி வெளியே போகும்? எந்தச் சூட்டில் இறுகும்?

கடற்கரையில் செய்கிற ஃபைபர் படகில், துண்டு நார் ‘மேட்’டை விரித்து ரெசின் ஊற்றி ரோலர் ஓட்டுகிறார்கள். அதில் நார் கொள்ளளவில் இருபது சதவீதத்துக்குக் கீழேதான் வரும். நெய்த துணியைக் கையால் கவனமாக நனைத்தால் நாற்பது வரை. அதன் மேல் வாக்குவம் பேக் போட்டால் நாற்பத்தைந்து, ஐம்பது. ஆட்டோகிளேவில் அறுபதைத் தொடலாம்.

கணக்காகப் பாருங்கள். புனர்பூசத்தின் இறக்கைப் பரப்பு 17 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம், இரண்டு பேர் உட்காரும் கிளைடருக்கு அந்த அளவு வரும். மேல்தோல், கீழ்த்தோல் சேர்த்து 34. ஒரு சதுர மீட்டருக்கு ரெசின் 200 கிராம், அதாவது ஒரு டம்ளர் அளவு கூடிப்போனால் மொத்தம் 6.8 கிலோ. அந்த கிளைடர் பறக்கிற காலம் முழுக்க அந்த 6.8 கிலோவைச் சும்மா தூக்கிக்கொண்டு பறக்கும்.

மோல்டே இல்லாமல்

முதல் முறை நம் சக்கர வேலை மாதிரி, மோல்டு வேண்டாம். அமெரிக்காவில் பர்ட் ரூட்டன் என்பவர் 1970களில் வீட்டிலேயே விமானம் செய்ய ஆசைப்பட்டவர்களுக்காகப் பிரபலமாக்கியது. ஃபோம் கட்டியின் இரண்டு முனையிலும் இறக்கையின் குறுக்குவெட்டு வடிவத்தில் டெம்ப்ளேட் அடிப்பார்கள். சூடான நிக்ரோம் கம்பியை அதன் மேல் ஓட்டினால் வெண்ணெய் வெட்டுகிற மாதிரி ஃபோம் வெட்டிக்கொண்டு வரும். அதன் மேல் கண்ணாடித் துணியும் எபாக்ஸியும். ஃபோம் உள்ளேயே தங்கிவிடும். பெங்களூரில் தேசிய விண்வெளி ஆய்வகம் (என்.ஏ.எல்.) ரூட்டனின் லாங்-ஈ.இஸட். வடிவத்தை வைத்துச் செய்த சிறு விமானம் 1987-இல் பறந்தது. நம் நாட்டு ஃபைபர் விமானக் கதையில் அது ஒரு முக்கியமான படி.

ஒன்றே ஒன்று செய்வதானால் இந்த முறைக்கு ஈடில்லை. ஆனால் இதில் வெளிப்பரப்பு துணியின் பரப்பாக இருக்கும், மோல்டின் பரப்பாக இருக்காது. பட்டி பூசி உப்புத்தாள் தேய்த்து, மறுபடி பூசித் தேய்த்து... வாரக்கணக்கில் தேய்க்கவேண்டும். பட்டியும் வெயிட்தான். இரண்டாவது இறக்கை முதல் இறக்கை மாதிரி வருமா என்பது தேய்க்கிறவர் கையைப் பொறுத்தது. கிளைடருக்கு எது உயிரோ, அந்தப் பரப்பிலேயே கைவைக்கிறது. பத்து புனர்பூசம் செய்ய இது உதவாது.

நம்ம மோல்டு ஷாப் மாதிரி ஒன்று

இரண்டாவது முறைதான் எனக்குப் பிடித்தது, கொஞ்சம் நேரம் எடுத்துச் சொல்கிறேன்.

நாம் என்ன செய்கிறோம்? மாடல் செய்து, அதிலிருந்து பிளாக் மோல்டு, கேஸ், அதிலிருந்து ஒர்க்கிங் மோல்டு எடுக்கிறோம். அவர்களும் அதே. இறக்கையின் மாடலை ‘ப்ளக்’ என்கிறார்கள். அதிலிருந்து மேல்பாதிக்கு ஒரு மோல்டு, கீழ்ப்பாதிக்கு ஒரு மோல்டு. மோல்டும் பெரும்பாலும் ஃபைபரில்தான். நாம் பிளாஸ்டர் பிரிய சாஃப்ட் சோப் தடவுகிற இடத்தில் அவர்கள் மெழுகு தடவுகிறார்கள். உள்வெட்டு இருந்தால் சாமான் வெளியே வராது என்ற சட்டம் அங்கேயும் உண்டு.

பிறகு ஜெல்கோட். இது அவர்களுடைய கிளேஸ் என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் தலைகீழ். நாம் கடைசியில் கிளேஸ் போடுகிறோம், அவர்கள் முதலில் மோல்டில் ஜெல்கோட் அடித்துவிட்டு அதன் முதுகில் சாமானைக் கட்டுகிறார்கள். அதன் மேல் கண்ணாடித் துணி, ரெசின், பிரஷ், ரோலர். துணியை நார் எந்தத் திசையில் போகவேண்டுமோ அந்தத் திசையில் வைக்கவேண்டும். இறக்கை முறுக்கிக்கொள்ளாமல் இருக்க 45 டிகிரி, நீளவாக்கில் வளையாமல் இருக்க நேராக. அப்புறம் மெல்லிய ஃபோம் தகடு, அதன் மேல் மறுபடி துணி. இறக்கையின் நடு எலும்பான ‘ஸ்பார்’ தனி. இறக்கை மேல்நோக்கி வளையும்போது ஸ்பாரின் கீழ்ப்பட்டை இழுபடும், மேல்பட்டை நசுங்கும். அந்தப் பட்டைகளில் நார் எல்லாம் ஒரே திசையில், நீளவாக்கில் இருக்கும். கடைசியில் பஞ்சுத்தூள் கலந்து கெட்டியாக்கிய ரெசினை விளிம்பில் வைத்து, இரண்டு மோல்டையும் புத்தகம் மூடுகிற மாதிரி மூடி ஒட்டுவார்கள்.

ஒரு முக்கியமான வித்தியாசம் சொல்லவேண்டும். ஸ்லிப் ஊற்றினால் பிளாஸ்டர் மோல்டு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். சாமானைக் கெட்டியாக்குகிற வேலையை மோல்டே செய்துவிடுகிறது. ஃபைபர் மோல்டு எதையும் உறிஞ்சாது. அதனால்தான் வாக்குவம் பேக். ஈரத்துணியின் மேல் பிளாஸ்டிக் தாள் மூடி, ஓரத்தைப் பிசின் நாடாவால் அடைத்து, உள்ளே இருக்கிற காற்றை பம்ப் வைத்து இழுப்பார்கள். வெளிக்காற்று தாளை அழுத்தும். எவ்வளவு அழுத்தும் என்று நினைக்கிறீர்கள்? சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ, அதாவது ஒரு சதுர மீட்டருக்குப் பத்து டன்! ஒரு லோடு லாரி மணல். எந்தப் பிரஸ் மெஷினும் வாங்காமல், சும்மா இருக்கிற காற்று கொடுக்கிற அழுத்தம். அதிகப்படி ரெசினும் குமிழியும் மேலே வைத்த துணியில் வந்து சேரும். நம் டீ-ஏரிங் பக் மில்லில் மண்ணுக்குச் செய்கிற வேலை இங்கே துணிக்கு நடக்கிறது.

இன்ஃபியூஷன், ஆட்டோகிளேவ்

மூன்றாவது முறையில் துணியைக் காய்ந்தபடியே மோல்டில் அடுக்கி, தாள் போட்டு மூடி, வாக்குவம் பிடித்தபிறகு குழாய் வழியாக ரெசினை உள்ளே விடுவார்கள். ரெசின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வரை துணியை நனைத்துக்கொண்டே போகும். காற்றாலை இறக்கைகள் பெரும்பாலும் இப்படித்தான் செய்யப்படுகின்றன. துணி அடுக்க அவசரமில்லை, ரெசின் இறுகிவிடுமோ என்ற பயம் இல்லை. ஆவி வெளியே வருவதும் குறைவு. என்.ஏ.எல். இதிலேயே ‘வெரிட்டி’ என்று ஒரு முறையை உருவாக்கி சரஸ் விமானத்தின் இறக்கையில் பயன்படுத்தியது.

கஷ்டம் என்ன? எல்லாம் ஒரே தடவையில் தீர்மானமாகிவிடும். ஓரத்தில் ஊசி முனை ஓட்டை இருந்தாலும் காற்று புகுந்து நடுவில் நனையாத திட்டு விழும். ஏழெட்டு மீட்டர் இறக்கைத்தோல் மொத்தமும் குப்பை. கைமுறையில் தப்பான இடத்தை அந்த நிமிஷமே பிய்த்துவிட்டு வேறு துணி போடலாம்.

நான்காவது பிரிபிரெக். கம்பெனியிலேயே அளந்து ரெசின் ஏற்றிய துணி. மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் வைத்திருந்து, வெட்டி அடுக்கி, ஆட்டோகிளேவில் 120 அல்லது 180 டிகிரியில், ஆறேழு மடங்கு காற்றழுத்தத்தில் இறுகவைப்பது. தேஜஸ் போர்விமானத்தின் எடையில் ஏறக்குறைய 45 சதவீதம் காம்போசிட். அதன் இறக்கை, வால் எல்லாம் இந்த வழியில் வந்தவை. அதற்கான ஆட்டோகிளேவ்களை என்.ஏ.எல். உள்நாட்டிலேயே உருவாக்கியது பெருமையான விஷயம்.

ஆனால் இந்த முறையில் மோல்டும் சூடாகும். இங்கே நமக்கு ஒரு பழைய நண்பர் வருகிறார்: வெப்ப விரிவு. கிளேஸும் பாடியும் ஒத்துப்போகாவிட்டால் கிரேஸிங் வரும் என்று இரண்டாம் வருஷத்தில் எழுதினோமே, அதே. அலுமினிய மோல்டு ஏழு மீட்டர் நீளம், சூடு நூறு டிகிரி ஏறுகிறது என்றால் அது 16 மில்லிமீட்டர் நீளும். கார்பன் நார் நீளவாக்கில் கிட்டத்தட்ட நீளவே நீளாது. ஆறும்போது மோல்டு சுருங்கும், சாமான் சுருங்காது. ஆகவே மோல்டையும் கார்பனிலோ அல்லது விரியாத வேறு உலோகத்திலோ செய்யவேண்டும். செலவு எங்கே போகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நாரைச் சுற்றி டியூப் செய்வது, நாரை அச்சு வழியே இழுத்துப் பட்டை எடுப்பது என்று வேறு முறைகளும் உண்டு. அதில் இழுத்தெடுத்த கார்பன் பட்டை மட்டும் நமக்கு வேண்டும். நார் அம்பு மாதிரி நேராக இருப்பதால் ஸ்பாருக்கு அருமையாகப் பொருந்தும்.

என் தீர்ப்பு

புனர்பூசம் எத்தனை விற்கும்? நம் நாட்டில் கிளைடர் பறக்கிற இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆயிரம் விற்காது. பத்து, இருபது, அதிர்ஷ்டம் இருந்தால் ஐம்பது. பத்து சாமானுக்கு யாரும் ஜிக்கர் ஜாலி மெஷின் வாங்கமாட்டார்கள், ஒரே ஒரு சாமானுக்கு கேஸ் மோல்டு போடமாட்டார்கள். அதே நியாயம் இங்கேயும். இறக்கைத்தோலும் உடம்பும் இரண்டாவது முறையில், அதாவது மோல்டில் கையால் துணி விரித்து, வாக்குவம் பேக் போட்டு. ஸ்பாருக்கு இழுத்தெடுத்த கார்பன் பட்டை. சீட், சின்ன மூடிகள், கதவுகளை இன்ஃபியூஷனில் செய்து கைபழகலாம், தப்பினால் நஷ்டம் கொஞ்சம்தான்.

“கையால செய்யற இறக்கையை நம்பி மேலே போகலாமா?” என்று கேட்பீர்கள். ஹன்சா போனதே! என்.ஏ.எல். செய்த இரண்டு பேர் உட்காரும் ஹன்சா பயிற்சி விமானம் 1993-இல் முதலில் பறந்தது. அதன் ஹன்சா-3 வடிவத்துக்கு 2000-இல் விமானத் துறையின் சான்றிதழ் கிடைத்தது. அது கிளைடர் இல்லை, இஞ்சின் உண்டு. ஆனால் உடம்பு முழுக்க ஃபைபர், ஈரத்துணி விரிக்கும் முறையில் செய்தது. அதன் புதிய வடிவமான ஹன்சா-என்.ஜி. 2022 பிப்ரவரி, மார்ச்சில் கடல்மட்டச் சோதனைக்காக பெங்களூரிலிருந்து பறந்தே புதுச்சேரிக்கு வந்தது. நம் பக்கத்து ஊர்! ஜெர்மனியில் பெயர்பெற்ற கிளைடர் கம்பெனிகளும் இன்றுவரை கையால்தான் துணி விரிக்கிறார்கள்.

அப்படியென்றால் படகுக்கும் கிளைடருக்கும் என்ன வித்தியாசம்? இதற்கு விடை எனக்குப் புத்தகத்தில் கிடைப்பதற்கு முன்பே பெரியப்பா மகன் மூலம் கிடைத்தது. சுனாமிக்குப் பிறகு நம் மாவட்டக் கடற்கரையில் ஃபைபர் படகு வேலை பெருகியது, அண்ணனும் ஒரு படகுப் பட்டறையில் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. லீவில் போய் நான்கு நாள் கூட இருந்து பார்த்தேன். அண்ணன் ரோலர் ஓட்டுகிற அழகைப் பார்க்கவேண்டும், ஒரு குமிழி தப்பாது. “எவ்வளவு கேட்டலிஸ்ட்ணா?” என்றேன். “வெயிலு பாத்து ஒரு மூடி, ஒன்றரை மூடி. மழைன்னா ரெண்டு. இதுக்கு என்ன தராசா வெப்பாங்க?” என்றார்.

பாலியஸ்டர் ரெசினுக்கு அது ஓரளவு செல்லும். அதில் கேட்டலிஸ்ட் என்பது தூண்டிவிடுகிற பொருள், கொஞ்சம் கூடினால் சீக்கிரம் இறுகும், குறைந்தால் மெதுவாக. கிளைடருக்குப் போடுவது எபாக்ஸி. அதில் ஹார்ட்னர் ரெசினோடு கைகோத்து அதன் பாகமாகவே ஆகிவிடும். நூறு பங்குக்கு நாற்பது என்று கம்பெனி சொன்னால் நாற்பதுதான். ஐம்பது போட்டால் சீக்கிரம் இறுகாது. ஜோடி கிடைக்காத ஹார்ட்னர் உள்ளேயே மிஞ்சி இறக்கை மென்மையாகிப் போகும். வெளியே பார்த்தால் தெரியாது, பளபளவென்றுதான் இருக்கும்.

அதனால் கிளைடர் பட்டறையில் அண்ணனின் அதே கை, அதே ரோலர், கூடவே ஒரு தராசு, ஒரு தெர்மாமீட்டர், ஒரு நோட்டு. எந்த டப்பா ரெசின், யார் கலந்தது, எத்தனை மணிக்கு, அறையின் சூடு எவ்வளவு, காற்றில் ஈரம் எவ்வளவு. எழுதாத துணி இறக்கையில் ஏறாது. சான்றிதழ் கொடுக்க வருகிறவர் ஒட்டி மூடிய இறக்கைக்குள் எட்டிப் பார்க்க முடியாது, நோட்டைத்தான் பார்ப்பார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். அப்பா சூளையில் சாமான் அடுக்குகிறவர், அம்மா பொம்மைக்கு வர்ணம் தீட்டுகிறவர். கைவேலையிலிருந்து தப்பிக்கத்தான் டிப்ளமா என்று எல்லாரும் சொல்லிச் சொல்லி நானும் அப்படியே நம்பியிருந்தேன். கைவேலைக்குப் பக்கத்திலேயே நின்று அந்த நோட்டை எழுதுகிற ஆளுக்கும் டிப்ளமா வேண்டும் என்பது அந்த நான்கு நாளில்தான் உறைத்தது.

நம்ம ஊர் வெயில்

அறைச் சூட்டில் இறுகின எபாக்ஸி அறைச் சூட்டுக்குக் கொஞ்சம் மேலே போனாலே இளக ஆரம்பிக்கும். ஐம்பது, அறுபது டிகிரியில் அதன் விறைப்பு குறையும். மே மாதம் வெயிலில் நிறுத்திய சைக்கிள் சீட்டைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? கறுப்பு இறக்கை என்றால் எழுபது, எண்பதுக்கும் போகும். கிளைடர் எல்லாம் வெள்ளையாக இருப்பது அழகுக்காக இல்லை. வெள்ளைப் பரப்பு 54 டிகிரிக்கு மேல் போகாது என்று கணக்கு வைத்து அந்தச் சூட்டில்தான் பலத்தைச் சோதிக்கிறார்கள். அதற்காகவே இறுகிய இறக்கையை மோல்டோடு கூடாரம் மாதிரி மூடி, ஹீட்டர் வைத்து 55, 60 டிகிரியில் பத்துப் பதினைந்து மணி நேரம் மெதுவாகச் சூடேற்றுவார்கள். நம் சூளைக்கு முன்னால் அது ஒரு சூடே இல்லை! ஆனால் ஏழு மீட்டர் நீளத்துக்கும் ஒரே சீராக இருக்கவேண்டும், அதுதான் வேலை. சூளைக்குள் மூலைக்கு மூலை சூடு மாறுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

கலக்கும்போதும் வெயில் விளையாடும். பத்து டிகிரி கூடினால் ரெசின் இறுகும் நேரம் ஏறக்குறைய பாதியாகும். மக்கில் நிறையக் கலந்து வைத்தால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகையும். அகலத் தட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கவேண்டும். ஐப்பசி மழையில் வேறு தொல்லை. காற்றின் ஈரத்தால் எபாக்ஸியின் மேல் மெழுகு மாதிரி வேர்க்கும், அதன் மேல் ஒட்டினால் பிடிக்காது. என்னைக் கேட்டால் விருத்தாசலத்தில் இறக்கை செய்ய நல்ல மாதம் தை, மாசி.

உடம்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பட்டறையில் ஒருத்தர் கையிலும் கையுறை இல்லை. பாலியஸ்டரின் ஸ்டைரீன் வாடை தலையைச் சுற்றும். எபாக்ஸி வாடை வராது, ஆனால் தோலில் பட்டுப் பட்டு ஒருநாள் ஒவ்வாமை பிடித்தால் அதன்பிறகு அந்த ரெசின் பக்கமே போக முடியாது. கேட்டலிஸ்டையும் ஆக்சிலரேட்டரையும் நேருக்கு நேர் கலக்கக் கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் மற்றொன்று. தேய்க்கும்போது பறக்கிற தூளுக்கு மாஸ்க் கட்டாயம். குவார்ட்ஸ் தூசு நுரையீரலை என்ன செய்யும் என்று படித்துவிட்டு பால் மில் பக்கம் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்கிற நமக்கும் இது சேர்த்துத்தான்.

நம் லேபிலேயே ஒரு சோதனை

சுட்ட சாமானைத் தட்டிப் பார்த்து விரிசல் கண்டுபிடிக்கிறோம். ஃபைபர் இறக்கையிலும் காசால் தட்டிக்கொண்டே போவார்கள். நன்றாக ஒட்டிய இடம் கணீரென்றும் ஒட்டாத இடம் பொத்தென்றும் கேட்கும். ஆனால் ரெசின் எத்தனை சதவீதம் என்று காது சொல்லாது. அதற்கு, இறக்கை செய்கிற அதே நாளில், அதே ரெசினில், அதே வாக்குவத்தின் கீழ் ஒரு சின்னத் தகடும் செய்து வைப்பார்கள். அந்தத் தகட்டிலிருந்து ஒரு துண்டு வெட்டி, எடை போட்டு, குரூசிபிளில் வைத்து 565 டிகிரி வாக்கில் எரித்தால் ரெசின் போய்விடும், கண்ணாடி நார் மட்டும் வெள்ளையாக மிஞ்சும். மறுபடி எடை. ஆமாம், களிமண்ணுக்குச் செய்கிற அதே எல்.ஓ.ஐ.!

அண்ணன் கொடுத்த படகுத் துண்டில் செய்து பார்த்தேன். பத்து கிராம் வைத்ததில் மூன்று கிராமுக்குக் கொஞ்சம் குறைவாக நார் மிஞ்சியது. மீதி ஏழும் ரெசின். படகுக்கு அது பரவாயில்லை, கிளைடருக்கு ஆகாது. கண்ணாடித் துணியை வாக்குவம் பேக்கில் செய்தால் எடையில் பத்துக்கு ஆறரை, ஏழு கிராம் நார் மிஞ்சவேண்டும். கார்பன் தகட்டை இப்படி எரிக்காதீர்கள், அந்தச் சூட்டில் கார்பனும் சேர்ந்து எரிய ஆரம்பிக்கும், கணக்கு தப்பிவிடும். அதற்கு ஆசிட்டில் கரைக்கிற வேறு முறை உண்டு.

அரை அடிக்கு அரை அடியில் ஒரு தகடு செய்ய கொஞ்சம் கண்ணாடித் துணி, நூறு கிராம் எபாக்ஸி, தடித்த பாலிதீன் தாள் போதும். வாக்குவத்துக்கு பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸரைத் திருப்பி மாட்டினால் இழுக்கும். மஃபிள் ஃபர்னஸ் சனிக்கிழமை மதியம் காலியாகத்தான் இருக்கும், லேப் சாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ரெசின் எரியும்போது கறுப்புப் புகை வரும். எக்ஸாஸ்ட்டைப் போட்டுவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்துவிடுங்கள்.